பழைய லேப்டாப்பில் திரை மக்கர் பண்ணுகிறதா? பேனலா, கேபிளா, கிராபிக்ஸா என்று கண்டுபிடிக்கக் கேள்வி பதில்கள்

எட்டுப் பத்து வருஷம் உழைத்த லேப்டாப்பைப் பையில் போட்டு, பழுதுபார்க்கும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பல பேர் ஒரே வார்த்தையோடுதான் வருவார்கள்: "இன்னொரு கடையில போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்கண்ணா." பிரித்துப் பார்த்தால் பல சமயம் போர்டு, அதாவது மதர்போர்டு, நன்றாகத்தான் இருக்கும். கேபிள் நசுங்கியிருக்கும், ரேம் லூசாக இருக்கும், இல்லையென்றால் டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) குழம்பியிருக்கும். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அக்கா படித்து முடித்ததைத் தம்பி வைத்துப் படிக்கிறான். அப்படிப்பட்ட ஒன்றைக் காரணம் தெரியாமல் பழைய இரும்புக் கடைக்குப் போட எனக்கு மனசு வராது. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளையும், கடையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

திரையில் கோளாறு என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

படம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிராபிக்ஸ் சிப்பில் படம் உருவாகிறது. அந்தச் சிப் ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். அங்கிருந்து மதர்போர்டில் உள்ள கனெக்டருக்கு வந்து, கீல் வழியாக மேலே ஏறும் மெல்லிய கேபிளில் போய், பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் குச்சி மாதிரியான சின்ன போர்டை அடைகிறது. அந்தப் போர்டுதான் கண்ணாடியில் உள்ள புள்ளிகளை இயக்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் கொடுப்பது பேக்லைட், அதன் கதை தனி.

ஆக, சிப், கேபிள், பேனல், பேக்லைட் என்று நான்கு இடங்கள். இவற்றோடு மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் பேனலை மாற்றுவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாளியை மாற்றுவது போலத்தான்.

வெளி மானிட்டரில் போட்டுப் பார் என்கிறார்களே, எதற்கு?

ஒரு பைசா செலவில்லாத, ஆனால் அதிகம் சொல்லித் தரும் சோதனை அதுதான். வீட்டு டிவியே போதும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, விண்டோஸ் கீயோடு பி கீயை (பென்சிலுக்கு வரும் பி) அழுத்தினால் எந்தத் திரையில் காட்டுவது என்று கேட்கும். மிகப் பழைய லேப்டாப் என்றால் நீல நிற விஜிஏ சாக்கெட் இருக்கும், பழைய மானிட்டரை அதில் மாட்டலாம்.

டிவியில் படம் சுத்தமாக வந்து லேப்டாப் திரையில் மட்டும் கோளாறு என்றால் சந்தேகம் கேபிள், பேனல், பேக்லைட் பக்கம் போகும். டிவியிலும் அதே கட்டங்கள், அதே புள்ளிகள், அதே நிறக் கோளாறு என்றால் கிராபிக்ஸ் சிப், ரேம், டிரைவர் பக்கம் போகும்.

ஒரு எச்சரிக்கை. தனி கிராபிக்ஸ் சிப் உள்ள சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ சாக்கெட் ஒரு சிப்போடும், லேப்டாப் திரை இன்னொரு சிப்போடும் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் டிவியில் நன்றாக வந்தது என்பதை மட்டும் வைத்துச் சிப்புக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. மற்ற சோதனைகளையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். டிவியும் இல்லை, மானிட்டரும் இல்லை. வேறு வழி?

இரண்டு இருக்கின்றன. முதலாவது ஸ்கிரீன்ஷாட். கோளாறு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் விண்டோஸ் கீயையும் பிரின்ட் ஸ்கிரீன் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். கிடைக்கும் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். போனிலும் அந்தக் கோடும் கட்டமும் தெரிந்தால் பேனல் மேலும் கேபிள் மேலும் பழி போடவே முடியாது, படம் உருவாகும் இடத்திலேயே கெட்டிருக்கிறது. போனில் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது பேனல்தான்.

இரண்டாவது பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10, டெலிட் இவற்றில் உங்கள் கம்பெனிக்கு உரிய கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. கோளாறு அங்கேயும் இருக்கிறது என்றால் விண்டோஸை மறுபடி போட்டுப் பிரயோஜனம் இல்லை. பத்து நிமிஷம் பயாஸிலேயே விட்டுப் பாருங்கள். அங்கே அசையாமல் நின்று, விண்டோஸுக்குள் போனதும் துடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் டிரைவர்.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. டெல் என்ற பெயரின் முதல் எழுத்தான டி கீயை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தட்டினால் திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக மாறி மாறிக் காட்டும். அது பேனலின் சுய பரிசோதனை. நிறங்கள் சுத்தமாக, கோடில்லாமல் வந்தால் பேனலை மாற்றச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள்.

திரை இருட்டாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் தொடங்கும் சத்தம் கேட்கிறது.

அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்களோ பாஸ்வேர்டு கட்டமோ தெரிகிறதா? தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

2010க்கு முந்தைய பல லேப்டாப்களில் பேக்லைட் என்பது மெல்லிய டியூப்லைட். அதை எரிய வைக்க இன்வெர்ட்டர் என்ற சின்ன போர்டு இருக்கும். ஆன் செய்ததும் திரை இளஞ்சிவப்பாக வந்து, பிறகு மெதுவாகச் சரியாகி, சில நிமிஷத்தில் அணைந்துபோனால் அந்த டியூப் கிழடாகிவிட்டது என்று அர்த்தம். அந்த இன்வெர்ட்டரில் டியூப் பற்றும் நேரத்தில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும். ஓடும்போது கையை வைக்கவே கூடாது.

அதற்குப் பின் வந்தவை எல்இடி. இவற்றில் பேனலுக்குப் போகும் ஒரே கனெக்டரில் இரண்டு விதமான மின்சாரம் போகிறது. படத்துக்கான பகுதிக்கு 3.3 வோல்ட், பேக்லைட்டுக்குப் பேட்டரி அல்லது சார்ஜரிலிருந்து வரும் உயர்ந்த வோல்ட்டேஜ். பேக்லைட் வழியில், மதர்போர்டில் டிஸ்ப்ளே கனெக்டருக்குப் பக்கத்தில், அரிசி நுனி அளவுக்கு ஒரு ஃப்யூஸ் இருக்கும். அது போனால் திரை இருட்டாகிவிடும். பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் ஃப்யூஸ் சும்மா போகாது. கேபிள் எங்காவது உரசி ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது யாரோ பேட்டரியைக் கழற்றாமல் பேனலை மாட்டியிருப்பார்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் இது பேக்லைட் விஷயம் இல்லை. படமே பேனலுக்கு வரவில்லை.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று திரை அணைகிறது. எழுந்து போய்விட்டு வந்தால் சரியாக இருக்கிறது.

பக்கத்தில் என்ன வைத்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். லேப்டாப் மூடியில் ஒரு சின்னக் காந்தமும், கீபோர்டு பக்கம் அதை உணரும் சென்சாரும் இருக்கும். மூடினால் தூங்கப் போவது அதனால்தான். பள்ளி ஆசிரியர் ஒருவர் மூன்று முறை என்னிடம் கொண்டுவந்தார். என் மேசையில் மணிக்கணக்காக ஓடும், அவர் வீட்டுக்குப் போனால் அணைந்துவிடும். மூன்றாவது முறை, "சார், வீட்டுல எப்படி உக்காந்து வேலை பார்ப்பீங்களோ அப்படியே இங்க உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டச்பேடுக்கு இடது பக்கம் வைத்தார். காந்தப் பூட்டு வைத்த தோல் உறை. திரை அணைந்தது. போனை எடுத்ததும் வந்தது. காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டையாலும் இதே தொல்லை வரும்.

மூடியை ஒரு கோணத்தில் வைத்தால்தான் படம் நிற்கிறது. கொஞ்சம் அசைத்தால் கோடு, வெள்ளை, இருட்டு.

இதற்குக் கேபிளைத் தவிர வேறு எதையும் முதலில் சந்தேகப்படாதீர்கள். தினமும் பத்துத் தடவை திறந்து மூடினால் பத்து வருஷத்தில் அந்தக் கேபிள் கீலுக்குள் எத்தனை ஆயிரம் முறை மடங்கி நிமிர்ந்திருக்கும்! அதில் உள்ள ஒவ்வொரு கம்பியும் தலைமுடி கனம்தான்.

கல்லூரி மாணவி ஒருத்தியின் லேப்டாப். கீல் இறுகிப்போய், திறக்கும்போது கீழ்ப்பக்க பிளாஸ்டிக்கே விரிந்துகொண்டிருந்தது. "பேனல் மாத்தணும்னு சொன்னாங்கண்ணா, பரீட்சை வேற வருது" என்றாள். ஃபிரேமைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீல் வளையும் இடத்தில் கேபிளின் கறுப்புத் துணி நாடா தேய்ந்து பளபளப்பாகியிருந்தது. நாடாவை விலக்கினால் உள்ளே இரண்டு கம்பிகள் நடுவில் அறுந்து, செம்பு நுனிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. கோணம் மாறும்போது அவை தொட்டால் படம், விலகினால் வெள்ளை. அதே மாடல் கேபிள் வாங்கி மாட்டி, கீல் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். பழைய பேனலே இன்று வரை ஓடுகிறது.

கீல் இறுகியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போடாதீர்கள். கேபிளைக் கொன்றதே அந்தக் கீல்தான். சிலர் அறுந்த கம்பியைச் சால்டர் வைத்து ஒட்டித் தருவார்கள். படம் போகும் கம்பிகள் ஜோடி ஜோடியாக, அதிவேக சிக்னலைச் சுமப்பவை. ஒட்டுப் போட்ட இடம் மறுபடியும் அதே கீலில்தான் மடங்கும். நான் அதை அவசரத்துக்கு மட்டும்தான் செய்து தருவேன், அதையும் சொல்லிவிட்டுத்தான்.

சில சமயம் கேபிள் அறுந்திருக்காது, கனெக்டர் மட்டும் நகர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு முனைகளையும் எடுத்து, சுத்தமான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நேராக மாட்டினாலே சரியாகிவிடும்.

மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு. அது எதனால்?

நிறமுள்ள நேர்கோடு, மூடியை அசைத்தாலும் நகராமல், பயாஸிலும் அதே இடத்தில் நின்றால் அது பேனல். கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்பு விட்டுப்போயிருக்கும். ஃபிரேமின் கீழ் விளிம்பை லேசாக அழுத்தும்போது கோடு மறைந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அட்டையைச் சொருகி அழுத்தம் கொடுத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. சில மாதம் தாங்கும். கிடைமட்டக் கோடுகளும் பெரும்பாலும் பேனலின் உள் விவகாரமே.

திரை முழுக்க வெள்ளையாக இருக்கிறது.

பேக்லைட் எரிகிறது, படம் வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கேபிள் அல்லது பேனலின் பின்பக்க போர்டு. நடுவில் மட்டும் நாணய அளவுக்கு வெள்ளைத் திட்டு என்றால் அது வேறு, மூடிய லேப்டாப் மேல் எடை ஏறி உள்ளே வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள் நசுங்கியதன் அடையாளம். பார்க்க அசிங்கமே தவிர ஆபத்து இல்லை.

திரை விட்டு விட்டுத் துடிக்கிறது. பேனலை மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். துடிப்புக்குத்தான் காரணங்கள் அதிகம், அவற்றில் பல இலவசமாகவே சரியாகும்.

விண்டோஸ் 10இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். திரையோடு சேர்ந்து அதுவும் துடித்தால் டிரைவரைப் பாருங்கள். அது மட்டும் நிதானமாக நின்று மற்றவை துடித்தால் ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (இது பஸ்ஸுக்கு வரும் பி) தட்டினால் ஒரு பீப் சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதில் துடிப்பு நின்றால் டிரைவரைச் சுத்தமாக நீக்கி, லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே உள்ளதைப் போடுங்கள். புதியதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள், பழைய சிப்புக்குப் பழைய டிரைவர்தான் பல நேரம் ஒத்துவருகிறது.

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் துடிக்கிறதா? பல எல்இடி பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கைப் படுவேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. சிலர் கண்ணுக்கு அது தெரியும், தலைவலியும் வரும். இது கோளாறு இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொள்வதே வழி. வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்குப் போகும்போது வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால் கிராபிக்ஸ் அமைப்பில் உள்ள மின்சேமிப்பு வசதியை அணையுங்கள்.

சார்ஜர் போட்டால் மட்டும் துடிக்கிறதா? சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். நண்பரின் நல்ல சார்ஜரை, அதே வோல்ட்டேஜ் உள்ளதை, மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விண்டோஸ் புதிதாகப் போட்டேன். எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக இருக்கிறது, வெளிச்சமும் மாற்ற முடியவில்லை.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கிறதா? அப்படியானால் உண்மையான டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். 2011 காலத்து இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 10க்கென்று இன்டெல் டிரைவர் வெளியிடவில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாகப் பழைய டிரைவர் வந்தால் ஓடும். இன்டர்நெட் இணைத்து அப்டேட்டை முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. இந்த வயது லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதை நான் தயங்காமல் சொல்வேன், இன்டெல் கிராபிக்ஸுக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது.

பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை, வெளி மானிட்டரிலும் இல்லை. இதுதானே போர்டு போவது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கேப்ஸ் லாக் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் உள்ளே உயிரோடு இருக்கிறது. அது தானாகச் சிமிட்டினால் எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் கோளாறைச் சொல்ல அந்தச் சிமிட்டலையே குறியீடாக வைத்திருக்கின்றன, பீப் சத்தமும் அப்படித்தான். உங்கள் மாடலின் கையேட்டில் அர்த்தம் இருக்கும்.

அடுத்து சார்ஜரை எடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜர் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ரேம். அடிமூடியைத் திறந்து, இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் ரேம் தானாக எழும்பும். அதன் தங்க நிறப் பற்களை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, 'டக்' என்று உட்காரும்வரை மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றி மாற்றிப் பாருங்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இந்த ரேமில் இருந்துதான் இடம் எடுத்துக்கொள்கிறது. ரேம் சரியில்லை என்றால் திரை கறுப்பாகவும் நிற்கலாம், கட்டம் கட்டமாகவும் சிதறலாம். கிராபிக்ஸ் சிப் போய்விட்டது போலவே தோற்றம் தரும். மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால் உண்மை வெளிவரும்.

இத்தனையும் செய்தும் வரவில்லை என்றால், அப்போதுதான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.

கிராபிக்ஸ் சிப் உண்மையிலேயே போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

பயாஸ் லோகோவிலேயே, வெளி மானிட்டரிலும் சேர்த்து, சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்களோ வண்ணப் புள்ளி வரிசைகளோ வரும். சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் முறை) நன்றாக ஓடி, கிராபிக்ஸ் டிரைவர் போட்டதும் கறுப்பாகிவிடும். சேஃப் மோடில் அந்தச் சிப்பின் கடினமான பகுதிகள் வேலை செய்வதில்லை, டிரைவர் வந்ததும் அவை எழுகின்றன, விழுகின்றன. டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' என்ற பிழை எண் காட்டும். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்ற நீலத்திரை வரும். கிராபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மறுபடி தொடங்கப் பார்க்கும், அதுவும் முடியாதபோது வருவது அந்த நீலத்திரை. ஒரே ஒரு முறை வந்தால் டிரைவராக இருக்கலாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓட்டியும் அதே சிதறல் என்றால் சிப் அல்லது ரேம்தான்.

'ரீபால்' பண்ணினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

சிப்புக்குள் இரண்டு அடுக்கு சால்டர் இருக்கிறது. மேலே சிலிக்கன் துண்டுக்கும் அதன் பச்சை அடித்தட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மணிகள். கீழே அடித்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே சற்றுப் பெரிய உருண்டைகள். ரீபால் என்பது கீழ் அடுக்கை மட்டும் புதிதாக்குவது. பல சிப்களில் விரிசல் விட்டிருப்பது மேல் அடுக்கு. ஹாட் ஏர் காட்டும்போது அது தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, "ரீபால் பண்ணினதும் சரியாயிடுச்சு" என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து அதே கட்டங்கள் திரும்பி வரும்.

இது சின்னக் கடைகளின் கற்பனை இல்லை. 2008 ஜூலையில் என்விடியா, தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் சிப் பொதியும் பொருள் பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்த இணைப்புகள் விரிசல் விட்டன. ஆப்பிளும் 2011 முதல் 2013 வரையிலான சில மேக்புக் ப்ரோ மாடல்களில் படம் சிதறுவதற்கும் திரை வராமல் போவதற்கும் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் கொண்டுவந்தது.

அதனால் ரீபாலுக்குப் பணம் கொடுக்கும் முன், "சிப்பையே மாற்றித் தருவீர்களா, இதே சிப்பைச் சூடு காட்டி வைப்பீர்களா?" என்று கேளுங்கள். சிப்பையே மாற்றினால் நிலைக்க வாய்ப்பு உண்டு. வீடியோ பார்த்துவிட்டு மதர்போர்டை அடுப்பில் வைப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். கனெக்டர் உருகும், கெபாசிட்டர் வெடிக்கும், அந்தப் புகை சோறு சமைக்கிற இடத்தில் தங்கும்.

தனி சிப்போடு ப்ராசஸர் கிராபிக்ஸும் உள்ள லேப்டாப் என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. பயாஸில் தனி சிப்பை அணைக்க வசதி இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்யுங்கள். கேம் ஓடாது. புராஜெக்ட் ரிப்போர்ட், ஆன்லைன் வகுப்பு, கணக்கு வழக்கு எல்லாம் ஓடும்.

சூட்டுக்கும் திரைக் கோளாறுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. ஆன் செய்து இருபது நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு சிதறினால் சூட்டைப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப் ப்ராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டிப் போனால் தம்மைத் தாமே மெதுவாக்கிக்கொள்ளும். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சும்மா இருக்கும்போதே 80ஐத் தாண்டிக் காட்டினால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. ஃபேனுக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு தூசித் திரை படிந்திருக்கும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் கெட்டுவிடும். காய்ந்து சுண்ணாம்பாகிப்போன தெர்மல் பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை பார்ப்பதை நிறுத்துங்கள்.

கடலோர ஊர்களிலிருந்து வரும் லேப்டாப்களில் டிஸ்ப்ளே கனெக்டரில் பச்சைப் பூச்சு பார்த்திருக்கிறேன், உப்புக் காற்றின் வேலை. மழைக்காலத்தில் மாதக்கணக்காகத் திறக்காமல் வைத்திருந்தாலும் இப்படி ஆகும். கரப்பான் குடியேறிய லேப்டாப்களும் வரும், அவற்றின் எச்சமே ஷார்ட் பண்ணிவிடும்.

பேனல் மாற்றத்தான் வேண்டும் என்றால் எப்படி வாங்குவது?

லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று விதப் பேனல்கள் வந்திருக்கும். பேனலைக் கழற்றி, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பேனல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவு, ரெசல்யூஷன், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, அது எந்தப் பக்கம் இருக்கிறது, திருகு மாட்டும் காதுகள் எங்கே இருக்கின்றன, இவை அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் அந்த எண்ணைக் காட்டினால் கடைக்காரர் நேராக அதையே எடுத்துத் தருவார், மாடல் பெயரைச் சொன்னால் ஏதோ ஒன்றைத் தருவார். பழைய பேனலைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது கட்டாயம். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல்களில் அடிமூடியைத் திறந்தாவது கழற்றுங்கள். கேபிள் கொஞ்சம் கோணலாகப் போனாலும் பேக்லைட் வோல்ட்டேஜ் பக்கத்துப் பின்னில் பாய்ந்து புதுப் பேனலும் போகும், ஃப்யூஸும் போகும். திறக்கும்போது பேட்டரி உப்பியிருந்தால், டச்பேடு மேலே எழும்பியிருந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதைக் குத்தாமல், அழுத்தாமல், முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

செலவு கட்டுப்படியாகவில்லை. அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதானா?

வெளி மானிட்டரில் படம் வருகிறது என்றால் வேண்டாம். பழைய மானிட்டர் ஒன்றை மாட்டி மேசைக் கணினியாக வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் பேனலை முழுக்கக் கழற்றிவிட்டு, கீபோர்டுப் பகுதியை மட்டும் கல்லாவுக்குக் கீழே வைத்து பில் போடுகிறார். வைஃபை ஆன்டெனா மூடிக்குள் இருக்கும், அதை மட்டும் அறுக்காமல் எடுத்து மடித்து வைக்க வேண்டும்.

திரையே வரவில்லை. உள்ளே இருக்கும் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாம் போய்விட்டதா?

இல்லை. அவை ஹார்ட் டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ பத்திரமாக இருக்கின்றன, திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கணினியில் செருகினால் திறக்கும். கடையில் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸைத் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும், போனிலேயே உள்ளே போய்ப் பார்க்கலாம். லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் அந்த எண்ணை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.